மூன்றாவது வாக்கியம்

புதுக்கடை சந்திப்பில் நல்ல சாயா கிடைப்பது ஒரே ஒரு கடையில்தான். அது என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. பரிசீலனைக் குழுவினரான நீங்கள் ஐந்து பேரும் நேரில் வந்து விளக்கம் கேட்டிருந்தால் அங்கே உட்கார்ந்தே பேசி முடித்திருக்கலாம். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது, எனவே எழுதித்தான் தர வேண்டியிருக்கிறது. எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. சுருக்கமாக எழுதுவதுதான் வராது.

உயிரோடிருக்கும் ஓர் ஆளை நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் இறந்தவராக்கினேன் என்பது என் மேல் வந்திருக்கும் புகார். அதை மறுக்கப் போவதில்லை. எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே நியாயம் தெரியும்.

என் பெயர் கிருஷ்ணமணி. தமிழில் எம்.ஏ. படித்தவன். வேலை கிடைக்கவில்லை என்று சொல்வதைவிட, கிடைத்த இடங்களில் எல்லாம் மேலதிகாரியின் எழுத்துப் பிழையைத் திருத்தி வெளியே வந்தேன் என்று சொல்வது சரியாக இருக்கும். 2005இல் ஆறு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்து பிரௌசிங் சென்டர் தொடங்கினேன். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் கூட்டம் ரோடு வரை நிற்கும். மற்ற நாட்களில் பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா தாள், கல்ஃபுக்குப் போகிறவர்களின் விமான டிக்கெட். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது கல்ஃபில் இருப்பதால் பிரிண்டர் சும்மா கிடந்ததில்லை. நடுநடுவே சும்மா இருந்தது நான்தான். அப்படி இருந்த நேரத்தில்தான் யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம் என்ற நம் கலைக்களஞ்சியம் கண்ணில் பட்டது. இரண்டே ஆண்டில் என்னை நிர்வாகி ஆக்கினீர்கள். கட்டுரையை நீக்கவும், யாரும் தொடாதபடி பூட்டவும், எழுதுகிறவரைத் தடை செய்யவும் அதிகாரம் வந்தது. அதை நான் கேட்டு வாங்கவில்லை. கேட்காமல் வந்ததால் கவனமாகவே பயன்படுத்தினேன்.

அந்த நாட்களில் களஞ்சியம் எப்படி இருந்தது என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். எங்கே தொட்டாலும் துண்டுக் கட்டுரை. 'கத்தரிக்காய் ஒரு காய்கறி.' அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. 'குழித்துறை ஓர் ஊர். அங்கே ஆறு ஓடுகிறது.' அது எந்த ஆறு, எங்கிருந்து வருகிறது, ஒரு தகவலும் கிடையாது. முட்டத்தில் கலங்கரை விளக்கம் உள்ளது என்று எழுதிய நண்பர் அதோடு தன் கடமை தீர்ந்தது என்று போய்விட்டார். எங்கள் ஊருக்கும் ஒரு கட்டுரை இருந்தது. 'புதுக்கடை ஓர் ஊர். இங்கே பல கடைகள் உள்ளன, அவற்றில் சில பழையவை.' இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். தினமும் எதிர்க் கடையில் சாயா குடிக்க வருவார். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

2008இல் மூன்று வாக்கிய விதியை முன்மொழிந்தேன். ஒரு கட்டுரையில் குறைந்தது மூன்று வாக்கியம் வேண்டும், மூன்றுக்கும் அச்சில் வந்த ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் அறிவிப்பு ஒட்டி முப்பது நாள் பொறுத்து நீக்கிவிடலாம். நான்கு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, ஒருவர் எந்தப் பக்கம் என்று எழுத மறந்துவிட்டார். ஏன் மூன்று என்று யாரோ கேட்டார்கள். ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல மூன்று போதும், மூன்றும் வேண்டும் என்றேன். பிறந்தார், இன்னது செய்தார், இறந்தார். வரிசையாகச் சிரிப்புப் படம் போட்டீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

முதல் ஆண்டில் அறுநூறு கட்டுரைக்கு மேல் நீக்கினேன். புதுக்கடையும் அதில் போனது. பிறந்த ஊர் என்ற சலுகையெல்லாம் என்னிடம் நடக்காது. அப்போது உங்களில் மூன்று பேர் எனக்கு நன்றி எழுதியிருக்கிறீர்கள், தேடினால் கிடைக்கும்.

2009 ஜூனில் ஜெமி வந்தாள். இனயம் பக்கத்துக் கடற்கரைப் பெண், நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ விண்ணப்பம் அனுப்ப வந்தவள் என் திரையை எட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"எனக்க அப்பாவப் பத்தியும் எழுதலாமாண்ணே?"

"என்ன செஞ்சிருக்காரு?"

"பந்து வெளையாடினாரு."

அடுத்த சனிக்கிழமை அவள் ஊர்ப் பங்குக் கோயில் 2008இல் வெளியிட்ட பொன்விழா மலரோடு வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி முக்கால் மணி நேரத்தில் முடித்தாள். 'யேசுரத்தினம் 1959இல் பிறந்த கன்னியாகுமரி மாவட்டக் கால்பந்து வீரர். 1983ஆம் ஆண்டு மாவட்ட இறுதி ஆட்டத்தில் தலையால் முட்டியே இரண்டு கோல் அடித்தார்.' மலரில் இருந்த படத்தையும் ஸ்கேன் செய்து போட்டாள். படத்தில் சுருட்டை முடியும் தடித்த மீசையுமாக ஆள் நன்றாக இருந்தார். அவள் எழுந்திருப்பதற்குள் என் திரையிலிருந்து அறிவிப்பை ஒட்டிவிட்டேன். தெரிந்த பெண் என்பதற்காக ஒரு நாள் தள்ளி ஒட்டினால் அது பாரபட்சம்.

"இன்னொரு வாக்கியம் வேணும் ஜெமி" என்றேன்.

"அதுக்கு மேல அவரு கோல் அடிக்கலியே அண்ணே."

"முப்பது நாள் இருக்கு."

"முப்பது நாளு குடுத்தாலும் இனிம எங்க போயி அடிக்க" என்று சிரித்தாள். "நீங்களே பாத்து ஒண்ணு போட்டுத் தாங்க. அப்பாக்குக் காட்டணும்." மலரை என் மேசையில் விட்டுவிட்டுப் போனாள்.

இருபத்தொன்பதாம் நாள் மலரைப் புரட்டினேன். நான் கல்நெஞ்சன் அல்ல. தினமும் நீக்குகிறவனுக்குத்தான் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை வரும். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஊர் ஆட்டக்காரர்களைப் பற்றிக் குறிப்புகள் இருந்தன. அதில் இந்த வரி: 'இரண்டு கோல் நாயகன் யேசுரத்தினம் இவ்வாண்டு அக்கரை சேர்ந்தார்.'

குழுவில் நான்கு பேர் வெளியூர்க்காரர்கள் என்பதால் இந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கிறது. அக்கரை என்பதற்கு எங்கள் பக்கம் இரண்டு பொருள். கல்லறைக் கல்லிலும் மரண அறிவிப்பிலும் வந்தால் இறைவனிடம் போய்ச் சேர்ந்தார் என்று பொருள். சாயாக்கடையில் வந்தால் கல்ஃபுக்குப் போனார் என்று பொருள், அது மலையாளத்தோடு ஒட்டிக் கிடப்பதால் வந்தது. ஒருவர் தன் மூத்த மகன் அக்கரையில் இருக்கிறான் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள், எந்த நாடு என்றுதான் கேட்பார்கள். பொன்விழா மலர் கோயில் வெளியீடு. கோயில் வெளியீட்டில் வந்த சொல்லுக்குக் கோயில் பொருளை எடுத்துக்கொண்டேன். இதுவரை கேட்டவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொல்லிவந்தேன்.

'2008இல் அக்கரை சேர்ந்தார்' என்று மலரின் சொல்லையே மூன்றாவது வாக்கியமாக எழுதினேன். கட்டுரைகளைத் தரம் பிரித்து வைக்க அடியில் சிறிய எழுத்தில் பகுப்பு என்று ஒன்று போடுவோம் அல்லவா, அங்கே '2008 இறப்புகள்' என்று போட்டேன். அறிவிப்பை எடுத்தேன். கட்டுரை பிழைத்தது.

ஜெமி அடுத்த மாதம் வந்து வாசித்தாள். "நம்ம ஊரு வார்த்தையே போட்டாச்சே" என்று சிரித்தாள். அடியில் இருக்கும் பகுப்பை யாரும் வாசிப்பதில்லை, அவளும் வாசிக்கவில்லை. அப்பா இறந்ததை எழுதியதற்கு எந்த மகளாவது சிரிப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

சரி, அவர் கல்ஃபில் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதை எழுத முடியுமா. 'தற்போது' என்ற சொல்லே கூடாது என்பது நம் நடைக் கையேட்டில் இருக்கிறது. இன்றைக்கு தோஹா, நாளைக்கு வேறு ஊர், ஆள் இடம் மாறும்போதெல்லாம் யார் பின்னால் ஓடிக் கட்டுரையைத் திருத்துவது. உயிரோடு இருக்கிற வரைக்கும் ஒருவரைப் பற்றி எதை எழுதினாலும் பொய்யாகிவிட வாய்ப்பிருக்கிறது. இறப்பு மட்டும்தான் ஒருமுறை எழுதினால் மறுபடி தொட வேண்டியதில்லாத செய்தி. கட்டுரையை முடித்து வைப்பது என்று நான் சொல்வது அதைத்தான்.

அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து யூஜின் அந்தக் கட்டுரைக்கு வந்தார். 'அக்கரை சேர்ந்தார்' என்பதை எடுத்துவிட்டு 'காலமானார்' என்று போட்டார், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1959–2008 என்று சேர்த்தார். மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'வட்டார வழக்கு நீக்கம்' என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடு செய்தது. நானும் நன்றி சொன்னேன். இன்று என்னிடம் விளக்கம் கேட்கும் ஐவரில் அவரும் ஒருவர் என்பதை எந்த உள்நோக்கமும் இல்லாமல் குறிப்பிடுகிறேன்.

அது உலகக் கோப்பை நடந்த ஜூன் மாதம். ஒரு நாளிதழின் மாவட்ட இணைப்பில் நம்மூர்க் கால்பந்து பற்றி அரைப் பக்கம் வந்தது. மறைந்த வீரர்கள் என்ற பட்டியலில் யேசுரத்தினம் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இரண்டு கோல், எல்லாம் நம் கட்டுரையில் உள்ளபடியே இருந்தது. உடனே அந்த இணைப்பை நம் கட்டுரைக்கு இரண்டாவது ஆதாரமாகச் சேர்த்தேன். நம்மைப் பார்த்து அவர்கள் எழுதினார்கள், அவர்களைப் பார்த்து நாம் உறுதி செய்துகொண்டோம். இதில் விதிமீறல் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

2012 ஜனவரியில் ஜெமிக்குக் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆன்ட்ரூஸ், குழித்துறைக்காரர், மஸ்கட்டில் வேலை. யேசுரத்தினம் இரண்டு மாத லீவில் வந்திருந்தார். கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். மூன்று ஓலையும் வாசித்து முடிந்தால்தான் தாலி. அந்த விதியை உண்டாக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

முதல் ஓலையில் 'யேசுரத்தினம், விக்டோரியா இவர்களின் மகள் ஜெமி' என்று வாசித்தார்கள். காலஞ்சென்ற என்ற சொல் இல்லை. மாப்பிள்ளையின் அக்கா சிந்தியாவும் மஸ்கட்டில்தான். தம்பிக்கு மாமனாராக வருகிறவர் கலைக்களஞ்சியத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகத் திறந்து காட்டியிருக்கிறாள். மாமனார் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. தேடிப் பார்த்ததில் நாளிதழும் அதையே சொன்னது.

குழித்துறையில் மாப்பிள்ளையின் அப்பா யோவானுக்கு ஃபோன் போனது. செத்த ஆளு எப்படிப்பா நம்ம வீட்டுல வந்து சோறு தின்னுட்டுப் போச்சு என்று அவர் கேட்டாராம். படத்தையும் ஆளையும் ஒப்பிட்டார்கள். படத்தில் சுருட்டை முடி, நேரில் வழுக்கை. படத்தில் மீசை, நேரில் அதுவும் இல்லை. கல்ஃப் வெயில் ஆளைப் பாதியாக்கி அனுப்பியிருந்தது. அவர்தான் இவர் என்று பங்குத்தந்தை எடுத்துச் சொல்லியும் பார்த்தார். பங்குத்தந்தை சொல்வது வாய்ப்பேச்சு, நாம் சொல்வது அச்சில் இருந்தது. நாலு நாளில் விக்டோரியாவுக்கு இது இரண்டாவது ஆள், அதைத்தான் மறைக்கிறார்கள் என்று பேச்சாகிவிட்டது. இதை நான் கிளப்பவில்லை. நான் எழுதியது ஒரே ஒரு வாக்கியம்.

அந்தப் புதன்கிழமை யாரோ அந்த வாக்கியத்தை நீக்கியிருந்தார்கள். பார்த்தால் ஜெமியின் கணக்கு. திரும்பப் போட்டேன். மறுபடி நீக்கினாள், மறுபடி போட்டேன். மூன்றாவது முறை கட்டுரையைப் பூட்டிவிட்டு அவள் கணக்கை ஒரு மாதத்துக்குத் தடை செய்தேன். நெருங்கிய உறவினரைப் பற்றி யாரும் தொகுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முதலில் எழுதும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அப்போது அவள் சேர்த்தாள், இப்போது குறைக்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். யேசுரத்தினம் சட்டைப் பையிலிருந்து ஒரு கோடாலித் தைலம் எடுத்து என் மேசையில் வைத்தார். கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவது. முகத்தில் கோபமே இல்லை.

"நான் செத்து நாலு வருசம் ஆச்சாமே தம்பி" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடக்கத்துக்காவது வந்திருப்பேனே."

"உக்காருங்க அண்ணே."

"செத்தவனுக்கு நாற்காலியா? சரி, போடு."

விஷயத்தை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் இறந்ததற்கு இரண்டு ஆதாரம் இருக்கிறது, உயிரோடிருப்பதற்கு அச்சில் வந்த ஆதாரம் ஒன்றுகூட இல்லை என்றேன்.

"ஆளே வந்து நிக்குதேனே மக்கா."

"ஆளு ஆதாரமாவாதுண்ணே."

பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். அது அரசு ஆவணம், வெளியிடப்பட்ட நூல் அல்ல என்றேன். நாளிதழில் போட்டால் ஏற்றுக்கொள்வீர்களா என்று ஜெமி கேட்டாள். தாராளமாக என்றேன். காலையிலேயே ஃபோன் செய்து கேட்டாளாம், ஒருவர் சாகாமல் இருப்பதைச் செய்தியாகப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

"அப்பம் மூணாவதா வேற வாக்கியம் தாறேன்" என்றாள். "அவர் உயிரோடு இருக்கிறார். போடுங்க."

"உயிரோட இருக்கது ஒரு சாதனையா ஜெமி? எல்லாரும் இருக்காவளே."

"எனக்கு அது சாதனதான் தம்பி" என்று சிரித்தார் யேசுரத்தினம். "நான் தாறேன் வாக்கியம். எழுது."

சொல்ல ஆரம்பித்தார். அந்த இறுதி ஆட்டத்தன்று அவருக்குக் காய்ச்சல். இரண்டாவது கோலை அவர் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு முட்டியதுதான். கடற்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாது, அதைச் சொல்ல வெட்கப்பட்டே பந்து பக்கம் போனார். அவர் அடித்த பந்து ஒரு வீட்டு அடுக்களைக்குள் போய்க் குழம்புச் சட்டியை உடைத்தது, சண்டைக்கு வந்த பெண்தான் விக்டோரியா. ஜெமி பிறந்த அன்று ஆட்டத்தின் பாதியில் இறங்கி ஓடிவிட்டார், அதோடு அணியில் சேர்க்கவில்லை, அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. தோஹாவில் சரக்குக் கிட்டங்கிக்குக் காவல். வெள்ளிக்கிழமைகளில் பெட்டி சுற்றி வரும் பிளாஸ்டிக் தாளைப் பந்தாக உருட்டிக் கட்டி நேபாளத்துப் பையன்களோடு ஆடுவார். ஐம்பத்திரண்டு வயதிலும் தலையால்தான் முட்டுவாராம். ஒரு மணி நேரத்தில் நாற்பது வாக்கியமாவது சொல்லியிருப்பார். எல்லாம் நல்ல வாக்கியங்கள். எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. எழுதிக்கொள்கிறவன்போலக் கீபோர்டின் மேல் கையை வைத்திருந்தேன், அது அவர் வயதுக்குத் தந்த மரியாதை.

கடைசியில் அவர் சாயா குடிக்க எதிர்க் கடைக்குப் போனார். ஜெமி போகவில்லை.

"அண்ணே, ரெண்டாம் ஓலை ஞாயித்துக்கெழம" என்றாள். "அம்மா மூணு நாளா வெளிய எறங்கல. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துத் தாங்க. திங்கக்கெழம நீங்களே திரும்பப் போட்டுக்கிடுங்க. கட்டுரையே போனாலும் போட்டும்."

எழுதியவளே கட்டுரை போனால் போகட்டும் என்று சொன்னது எனக்கு உண்மையிலேயே வலித்தது. அதைக் காப்பாற்றுவதற்காக அவ்வளவு செய்திருக்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கிறேன் என்று சொன்னால் நான் பார்ப்பேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டுரையை நாலு முறை திறந்து பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள், பிறகு பொறுக்கவும் சொல்லவில்லை. பிப்ரவரியில் யேசுரத்தினம் லீவு முடிந்து போனார். டிக்கெட்டை வேறு கடையில் அச்சடித்துக்கொண்டார். லீவுக்கு வரும்போது இப்போதும் சந்திப்பில் என்னைப் பார்த்தால் கையைத் தூக்கி, "பரலோகத்துல எல்லாரும் உன்ன வெசாரிச்சாவ" என்பார். நல்ல மனிதர். ஜெமி நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை. கிடைக்கிற நேரத்தில் நம் களஞ்சியத்தில் மருத்துவக் கட்டுரைகள் எழுதுகிறாள், ஒன்றுகூட மூன்று வாக்கியத்துக்குக் குறைவில்லை. அது என்னிடம் படித்த பழக்கம் என்று நினைக்கிறேன். ஒரு வரியை நம்பிப் பெண்ணை வேண்டாம் என்ற வீட்டில் போய் வாழ்க்கைப்படாமல் தப்பினாள் என்றும் நினைப்பதுண்டு. அதற்கு அவள் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. புகார் கொடுப்பாள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

புகாரில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். கிருஷ்ணமணி அண்ணனுக்கு அக்கரை என்றால் எந்த அக்கரை என்று உண்மையிலேயே தெரியாதா. கேள்வி நேரடியாக இருப்பதால் நானும் நேரடியாகவே பதில் சொல்கிறேன். தெரியும். 2008 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து தோஹாவுக்கு யேசுரத்தினத்தின் டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தது நான்தான். பெயரை ஆங்கிலத்தில் தப்பாக அடித்திருந்தார்கள், பாஸ்போர்ட்டோடு ஒத்துவராமல் விமான நிலையத்தில் தடுத்துவிடுவார்கள் என்று ஃபோன் பேசித் திருத்தி வாங்கித் தந்தேன். தாளை வாங்கிக்கொண்டு, "அக்கரை போயிட்டு வாறேன் தம்பி" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அந்த ஆண்டு மலரில் அதே சொல்லைப் பார்த்தபோது, மகள் ஒரு பொருளில் வாசிப்பாள், நீங்கள் ஒரு பொருளில் வாசிப்பீர்கள், விதியும் நிறைவேறும் என்று தோன்றியது. அவ்வளவு பொருத்தமான சொல் எல்லாக் கட்டுரைக்கும் கிடைக்காது.

கிடைக்காத இடங்களில் வேறு விதமாகச் செய்தேன். புகாரில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது, ஆனால் கேட்காததைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகைப் பொய் என்பதால் சொல்கிறேன். மொத்தம் பதினேழு பேர். பேறுகாலம் பார்க்கும் பகவதியம்மாள், கோயில் சிற்பம் செதுக்கும் சுடலையாண்டி, கடலில் நாற்பது பேரைக் காப்பாற்றிய ஏசுஅடிமை, இப்படி. எல்லோருக்கும் பிறந்ததும் செய்ததும் இருந்தது, மூன்றாவது இல்லாமல் கட்டுரை நீங்கும் நிலையில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண்டு கொடுத்து முடித்து வைத்தேன். அவர்களில் ஒன்பது பேர் பிறகு உண்மையாகவே இறந்துவிட்டார்கள், அவர்களுக்கு ஆண்டை மட்டும் திருத்தினால் போதும். மீதிப் பேர் விஷயத்திலும் தகவல் தவறு என்று சொல்ல முடியாது, கொஞ்சம் முந்திவிட்டது. பட்டியலை இதோடு இணைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. போன மாதம் ஜெமியின் கணக்கிலிருந்து ஒரு புதிய கட்டுரை வந்தது. 'கிருஷ்ணமணி 1966இல் புதுக்கடையில் பிறந்தார். குறுங்கட்டுரைகளை நீக்கினார்.' இரண்டே வாக்கியம். நான் வடிவமைத்த அந்த அறிவிப்பையும் அவளே ஒட்டியிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பத்தெட்டு வருடம் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்ற வருத்தம்தான் வந்தது. சாயாக்கடையில் காட்டினேன், யாருக்கும் மூன்றாவதாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. கோடாலித் தைலத்தைக் கொஞ்சம் நெற்றியில் தடவிக்கொண்டு நானும் யோசித்தேன், எனக்கும் தோன்றவில்லை.

நாளையோடு முப்பது நாள். என் நிர்வாகி அதிகாரத்தை நீங்கள் எடுக்கப்போவதும் நாளைக்குத்தான் என்று தெரியும். ஆகவே சற்று முன்பு மூன்றாவது வாக்கியத்தை நானே எழுதி, அறிவிப்பை எடுத்து, கட்டுரையைப் பூட்டிவிட்டேன். ஆண்டை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், ஆதாரம் கிடைத்ததும் உங்களில் யாராவது நிரப்பிவிடுங்கள்.